கடைப்பலகையில் கதிர்வேல்

பால் பாக்கெட் வாங்கப் போன அகிலா வீரபத்திரன் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். கடைக்கு மேலே புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். நல்ல அரக்குச் சிவப்பு. நாலு ஓரத்திலும் ஜரிகைக் கரை போல மஞ்சள் பட்டை. நடுவில் தறியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான் அவள் புருஷன் கதிர்வேல். முப்பது வயசுக் கதிர்வேல், அடர்ந்த மீசையும் படிய வாரிய தலையுமாக. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'கோர்வை வாசனைப் பாக்கு' என்று போட்டு, அதற்குக் கீழே 'கை தறியில, வாய் கோர்வையில' என்று எழுதியிருந்தது.

வீட்டில் அதே நேரத்தில் தறியில் உட்கார்ந்திருந்த கதிர்வேலுக்கு இடது பக்கத்துத் தாடை கிடையாது.

வீரபத்திரன் பாலை எடுத்து நீட்டியபடி, பலகை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கம்பெனிக்காரனே வந்து மாட்டிவிட்டுப் போனானாம், விளக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறானாம். அகிலா பாலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். தெருமுனையில் இருந்த டீக்கடையிலும் அதே பலகை. அதைத் தாண்டி சலூன் பக்கத்துப் பெட்டிக்கடையிலும் அதே. பங்குனி வெயில் காலையிலேயே சுட்டது. மூன்று கதிர்வேல்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்தத் தெருவில் அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துக் காது வலித்தது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்கள் தறிக்குப் பக்கத்தில் பீடி பிடிக்க மாட்டார்கள். ஒரு பொறி விழுந்தால் போதும், அத்தனை நாள் உழைப்பும் பொத்தல். பொறி விழாவிட்டாலும் புகை நாற்றம் பட்டில் ஏறிக்கொள்ளும். சேலை வாங்குகிற முதலாளி மடிப்பைப் பிரித்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார். பீடி வேண்டுமென்றால் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற தறிக் குழியை விட்டு எழுந்து, சந்து தாண்டி, தெருவுக்கு வரவேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே பாதிப் பேர் அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்தார்கள்.

அப்படி இருக்கிற ஒரு ஊரில் எதை விற்கலாம் என்று பார்த்துவிட்டுப் போக ஒருத்தன் வந்தான். பதினைந்து வருஷம் இருக்கும். தோளில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக வீடு வீடாக வந்து தறியோரம் உட்கார்ந்தான். நல்ல பையன். காலேஜுக்காக எழுதுகிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். காபி கொடுத்தார்கள். கை எந்த நேரத்தில் ஓய்கிறது, தூக்கம் எப்போது சொக்குகிறது, அலுப்புக்கு என்ன செய்வீர்கள், இதற்கு என்ன பேர், அதற்கு என்ன பேர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் இரண்டையும் இழைக்கு இழை பிணைத்துக்கொண்டு போகவேண்டும். அதற்குக் கோர்வை என்று பேர். ஒரு ஆளால் ஆகாது. ஒருவர் நடுவில் உட்கார, இன்னொருவர் பக்கத்தில் இருந்து கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக் கொடுக்கவேண்டும். பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் இருப்பார்கள். கதிர்வேல் அவனுக்கு இதைச் செய்தே காட்டினான். அவன் 'கோர்வை, கோர்வை' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த தீபாவளிக்குள் 'கோர்வை' பாக்கெட் வந்துவிட்டது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் ஏலக்காய் வாசனையும் கலந்த பொடி. கிழித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் இரண்டு கையும் தறிக்கு. எழவேண்டாம், புகை இல்லை, பொறி இல்லை. ஒரு பாக்கெட் ஒரு டீயைவிட மலிவு. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் வந்தது, அதிலும் 'இன்னாபா, கை ஓயுதா?' என்று நம் பேச்சிலேயே ஒருத்தன் பேசினான். சினிமா நடிகர் யாரும் இல்லை. நம்ம ஆள், நம்ம பேச்சு, நம்ம தறி. தெருவே பூரித்துப் போனது. பட்டுக்காரனை யாராவது மதித்து விளம்பரம் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

கதிர்வேலைப் படம் பிடிக்க வந்தபோது கம்பெனிக்காரர்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் அகிலாவின் தம்பி ஜெயக்குமார். அவனுக்குத் தறி சரிப்படவில்லை, முதுகு வலிக்கிறது என்று விட்டுவிட்டான். எந்தச் சந்தில் யார் வீடு, யாருக்கு எத்தனை தறி, யார் பேச்சுக்கு மரியாதை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அதற்காகவே அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பைக் கொடுத்தார்கள், பெயர் போட்ட சட்டை கொடுத்தார்கள். ஆடி மாசம் முழுக்கத் தறித் தறியாகப் போய்ப் பாக்கெட்டுகளைச் சும்மாவே வைத்துவிட்டு வந்தான். மாமா என்பதால் கதிர்வேலுக்கு ஒரு சரமே மாட்டிவிட்டான், தறிக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில்.

சர்க்கார் தடை போட்டபோது எல்லோரும் ஒழிந்தது என்று நினைத்தார்கள். ஒழியவில்லை. பலகையிலிருந்து இறங்கிக் கல்லாவுக்கு அடியில் போய்விட்டது, அவ்வளவுதான்.

கதிர்வேலுக்கு முதலில் காரம் ஒத்துக்கொள்ளாமல் போனது. பிறகு வாய் அகலமாகத் திறக்கவில்லை. கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிறவன், சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக உள்ளே தள்ளினான். கொட்டாவி விட முடியவில்லை. உதட்டுக்கு உள்பக்கம் பட்டை கட்டி வெளுத்துப்போனது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்றான். கன்னத்துக்குள் புண் வந்து ஆறாமல் கிடந்தபோது அகிலா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரப்பேட்டை கான்சர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பாதிப் பேர் தெரிந்த முகம். முத்தீஸ்வரர் கோயில் தெரு ஆள் ஒருத்தர், பாவு ஓட்டுகிற ஒருத்தர், நூல் இழைக்கிற பொம்பளை ஒருத்தி. தறித் தெருவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து, கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சும் வைத்து முடித்து, கதிர்வேல் பிழைத்துவிட்டான். தாடை போனது, பேச்சு குழறியது. அவன் சொல்வது அகிலாவுக்கும் மகள் தேவிப்ரியாவுக்கும் மட்டும்தான் விளங்கும். கூழும் கஞ்சியும் வடிகட்டின குழம்புமாகச் சாப்பாடு. வாய் ஓரம் எச்சில் நிற்காது, எப்போதும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டிருப்பான். கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடம்பு தேறியதும் குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டான். தறி உள் அறையில் இருந்தது வசதியாகப் போயிற்று. யார் வந்தாலும் அவனைப் பார்க்கவேண்டியதில்லை. தெருப் பக்கம் அவன் கால் வைக்கவே இல்லை. கோயிலுக்கு இல்லை, கல்யாணத்துக்கு இல்லை, முடி வெட்டக்கூட ஆளை வீட்டுக்கு வரவழைத்தார்கள்.

அப்படிப்பட்டவன்தான் இப்போது ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அகிலா வீட்டுக்கு வந்ததும் பாலை வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். என்ன பேசினாள் என்று தேவிப்ரியா கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று கேட்டாள். அம்மா அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. ஜெயக்குமார் பதிலுக்கு, அது கம்பெனி முடிவு, நான் என்ன செய்யமுடியும், வேண்டுமானால் பெரியவரையே கூட்டிக்கொண்டு வருகிறேன், நீயே கேள் என்று சொல்லியிருக்கிறான்.

சொன்னபடியே கூட்டிக்கொண்டு வந்தான். மெட்ராஸிலிருந்து வந்த மேனேஜர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. சந்தில் கார் நுழையாததால் வியர்த்துக்கொண்டு நடந்து வந்தார். கையில் பழக்கூடை இருந்தது. கண்ணாடித் தாள் சுற்றி, மேலே ரிப்பன் கட்டி, உள்ளே ஆப்பிள். தாடை இல்லாதவனுக்கு ஆப்பிள். அகிலா அதை வாங்கவில்லை. ஜெயக்குமார் வாங்கி ஜன்னல் ஓரம் வைத்தான்.

உள் அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. கதிர்வேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மேனேஜர் முதலில் வருத்தம் சொன்னார். சாருக்கு இப்படி ஆனது தெரிந்து கம்பெனியே துடித்துப் போனதாகச் சொன்னார். பிறகு இது பழைய சரக்கு இல்லை, இதில் புகையிலை ஒரு பொட்டுக்கூடக் கிடையாது, வெறும் பாக்கு, எல்லா அனுமதியும் இருக்கிறது என்று விளக்கினார்.

"வெறும் பாக்கு விக்கறதுக்கு எதுக்கு சார் அதே பேரு, அதே சேப்பு, அதே படம்?" என்றாள் அகிலா. "வீரபத்திரன் கடையில போயி கோர்வை குடுன்னு கேளுங்க. உங்களைப் பார்த்தா பாக்கு குடுப்பாரு. தறிக்காரன் கேட்டா குனிஞ்சி கீழேர்ந்து எடுப்பாரு. மேல இருக்கற பலகை கீழ இருக்கறதுக்குத்தான்னு இந்தத் தெருவுல கைப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

கடைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்குக் கம்பெனி பொறுப்பாக முடியாது என்றார் மேனேஜர். ஜெயக்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாக்கே ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சி. வாய் இறுகிப் போறது பாக்காலதானாம். சரி, அதை வுடுங்க. அந்தப் படத்தை எடுத்துடுங்க. வேற ஒண்ணும் வாணாம் எங்களுக்கு."

"நெசவாளருங்க மத்தியில சார் முகத்துக்குன்னு ஒரு மதிப்பு இருக்கும்மா."

"அந்த மொகம் இப்ப இல்ல சார்."

மேனேஜர் உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதிர்வேலின் தோளும் முழங்கையும் தெரிந்தன. நாடா இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்ததாகத்தான் அகிலா முதலில் நினைத்தாள்.

"ஒண்ணு செய்யலாம்மா," என்றார். "முகத்தைக் கம்ப்யூட்டர்ல மாத்திடுறோம். மீசை, மூக்கு எல்லாம் வேற மாதிரி ஆக்கிட்டா யாருக்கும் அடையாளம் தெரியாது. கை மட்டும் அப்படியே இருக்கட்டும். ஜனங்களுக்குப் பிடிச்சதே அந்தக் கைதான். அந்த மாதிரி கை வேற யாருக்கும் அமையலை."

தறி நின்றது. நாடா தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

அகிலா எழுந்துபோய் ஜன்னல் ஓரம் இருந்த கூடையை எடுத்து வந்து மேனேஜர் மடியில் வைத்தாள்.

"கெளம்பு சார்," என்றாள். "நான் கத்தறதுக்குள்ள கெளம்பு."

அவர் போனதும் ஜெயக்குமார் மட்டும் நின்றான். அக்கா, அவர் நல்ல மனுஷன், நீ இப்படிப் பேசியிருக்கக்கூடாது, மாமாவுக்கு ஏதாவது உதவிக்கு ஏற்பாடு பண்ணலாம் என்றுதான் வந்தார் என்று முனகினான். பங்குனி உத்திரத்துக்குக் கம்பெனி சார்பில் தண்ணீர்ப் பந்தல் போடப்போகிறார்களாம், மோர், பானகம், எல்லோருக்கும் விசிறி. அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவனுக்கு. இந்த நேரத்தில் குடும்பத்திலிருந்தே தகராறு என்றால் அவன் கதி என்ன என்றான்.

"நீ எங்க வூட்டு ஆளுன்னுதான்டா உன்னை வேலைக்கு வெச்சிருக்கான்," என்றாள் அகிலா. "எங்க பேச்சை எங்க வாயிலேர்ந்து எடுத்தான். எங்க ஆளை வெச்சிப் படம் புடிச்சான். எங்க புள்ளைய வுட்டு எங்க வூட்டுக்குள்ளயே கொண்டாந்து குடுத்தான். அவன் எங்கயோ ஏசியில உக்காந்துக்கினு இருக்கான். ஆஸ்பத்திரியில மட்டும் ஒருத்தன்கூட அவன் ஆளு இல்ல. அல்லாம் நம்ம ஆளு."

ஜெயக்குமார் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அவனும் ஒரு காலத்தில் அந்த வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருந்தவன்தான். ரத்தம் கொடுத்தவன். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் அகிலா கோர்வைக்கு உட்காரவில்லை. பக்கத்து வீட்டில் மூங்கில் ஏணி கேட்டு வாங்கினாள். குறடு ஒன்றைப் புடவை மடியில் செருகிக்கொண்டு நேராக வீரபத்திரன் கடைக்குப் போனாள். ஏணியைச் சாத்தினபோது அவர் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். என்னம்மா இது, யார் கடை என்று நினைத்துக்கொண்டாய் என்று சத்தம் போட்டார்.

"கடை உன்னுதுதான்ணா. ஆளு என்னுது."

"உன் புருஷனைத் துன்னச் சொல்லி நாங்களா ஊட்டி வுட்டோம்?"

நியாயமாகக் கேட்டுவிட்டதாக அவர் சுற்றிலும் பார்த்தார். நாஷ்டா வாங்க வந்தவர்கள், சைக்கிளில் நூல் கட்டு வைத்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அகிலா ஏணியில் பாதி ஏறியிருந்தாள்.

"ஊட்டி வுடலை. உன் கடைக்கு மேல அவரை நிக்க வெச்சி, வாங்கடா வாங்கடான்னு கூப்புட வெச்சிருக்கியே, அதுக்குத்தான் வந்திருக்கேன். அவரு கூப்புட மாட்டாரு. அவருக்குத் தண்ணி வேணும்னாகூட என்னைக் கூப்புட முடியலை."

வீரபத்திரன் ஏணியைத் தள்ளவில்லை. கட்டுக்கம்பி முறுக்கு அவிழாமல் மணிக்கட்டில் கீறியது. கடைசி முறுக்கு அவிழ்ந்ததும் பலகை ஒருபக்கமாகச் சரிந்து தொங்கியது. நூல் கட்டுக்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து கீழே தாங்கிக்கொண்டார்.

டீக்கடைக்காரன் தானே அவிழ்த்துக் கொடுத்தான். சலூன் பக்கத்துக் கடையில் ஒரு சண்டை. பெரிய தெரு மளிகைக் கடையில் இன்னும் பெரிய சண்டை, போலீஸைக் கூப்பிடுகிறேன் என்றார்கள், கூப்பிடு என்றாள். வெயில் ஏற ஏறத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. கழற்றின பலகைகளைத் தள்ளுவண்டி ஒன்றில் போட்டுத் தள்ளிக்கொண்டே போனாள். பின்னாலேயே தெருப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்து, வண்டியில் கிடந்த கதிர்வேலைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

மத்தியானம் செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே பெட்டிக்கடை வைத்திருந்தவள் பொன்னியம்மாள், முசரவாக்கம் காலனிக்காரி. அகிலா யார் என்று சொன்னதும் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடிக்கிற வரைக்கும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரா உன் வூட்டுக்காரரு. நானு யாரோ சினிமா ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா," என்றாள். "எங்க ஊருப் பக்கம் இது கெடையாது. எங்களுக்கு வேற பேருல ஒரு பாக்கெட்டு, அதுல மூட்டை தூக்குறவன் படம். அதே கம்பெனிதான். ஆம்பூரு பக்கம் போனா தோல் கம்பெனி ஆளு படம் போட்டு இருக்குதுன்னு எம்புள்ளை சொல்றான். ஊருக்கு ஒரு மொகம் வெச்சிருக்கானுங்க."

"உங்க ஆளுங்களுக்கும் வந்திருக்கா, வாயில?"

"எங்க வூட்ல முனுசாமின்னு ஒருத்தரு இருந்தாரு," என்றாள் பொன்னியம்மாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஏணியின் அடியைப் பிடித்தாள். "ஏறு. நான் புடிச்சிக்கிறேன்."

அங்கேதான் ஜெயக்குமார் பைக்கில் வந்து நின்றான். கடைக்காரர்கள் எல்லோரும் அவனுக்குத்தான் போன் செய்திருந்தார்கள். முகம் வெந்துபோயிருந்தது. அக்கா, இறங்கு, என் வேலை போய்விடும் என்றான். ஏணிக்கு மேலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போவட்டும்."

"நான் சோத்துக்கு இன்னாக்கா பண்ணுவேன்?"

"திரும்பத் தறியில உக்காரு. இல்லன்னா மூட்டை தூக்கு. இதை வித்து வர்ற சோறு வாணாம்."

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வந்து ஒரு கை பிடிப்பான் என்று அவளுக்குள் எங்கேயோ ஒரு எண்ணம் இருந்தது. அவன் போனை எடுத்து, ஏணியையும் அக்காவையும் பாதி அவிழ்ந்த பலகையையும் படம் பிடித்துக்கொண்டு, பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். கம்பெனிக்கு அனுப்பவேண்டும், கேட்டிருப்பார்கள்.

வீட்டு வாசலில் குவித்த பலகைகளைக் கதிர்வேல் உள்ளிருந்து பார்த்தான். என்ன செய்யலாம் என்று கேட்டதற்குக் கையை வெளிப்பக்கம் ஆட்டினான். காலையில் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. அன்று முழுக்க இருவரும் நெய்தார்கள். பாவு வெயிலுக்குக் காய்ந்து இழை அறுந்துகொண்டே இருந்தது, தரையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஓட்டினார்கள்.

கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. போலீஸும் வரவில்லை. அடங்கிவிட்டார்கள் என்றே அகிலா நினைத்தாள்.

பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள் பூ வாங்கப் போனவள் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்தாள். சிவப்புத் துணி, மஞ்சள் கரை. வாசலில் மோர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு விசிறியும் கொடுத்தார்கள். வாங்கினவர்கள் விசிறிக்கொண்டே நடந்தார்கள். தெருவெல்லாம் விசிறி. ஒருத்தி அகிலா கையிலும் ஒன்றைத் திணித்தாள்.

விசிறியில் தறியில் உட்கார்ந்து ஒருத்தன் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த தெருத் துரைக்கண்ணு.

நிமிர்ந்து பார்த்தாள். வீரபத்திரன் கடையிலும் துரைக்கண்ணு. டீக்கடையிலும் துரைக்கண்ணு. கதிர்வேல் இருந்த இடத்தில் எல்லாம், அதே கம்பியில், அதே விளக்கில், சின்ன வயசு துரைக்கண்ணு. கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கதிர்வேல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்தத் துரைக்கண்ணுதான் வந்து பாதியில் நின்ற சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தது யார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து விசிறியைத் தறி மேல் எறிந்தாள். மறுபடி ஏணி எடுக்கிறேன், கழற்றினால் அவன் இன்னொருத்தனை வைப்பான், அவனையும் கழற்றினால் இன்னொருத்தன், இந்த ஊரில் தறிக்காரனுக்கா பஞ்சம் என்று எதை எதையோ சொல்லிச் சுவரில் கையால் அடித்தாள்.

கதிர்வேல் விசிறியை எடுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு குழியிலிருந்து கையூன்றி ஏறினான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டினான். துண்டை அவிழ்த்துத் தறி மேல் வைத்தான். அகிலா துண்டை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வாசற்படி இறங்கினான்.

அவன் தெருவில் நடந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. திருவிழாக் கூட்டம். எதிரே வந்தவர்கள் முதலில் யாரோ என்று பார்த்தார்கள், பிறகு அடையாளம் தெரிந்து ஒதுங்கினார்கள். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சின்ன வயசில் கூட விளையாடின ஒருத்தர் "கதிரு" என்று ஆரம்பித்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அகிலா பின்னால் நடந்தாள். அழுகை வரவில்லை அவளுக்கு. பாருங்கடா, நல்லாப் பாருங்கடா என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

துரைக்கண்ணு வீட்டில் இருந்தான். கதிர்வேலைக் கண்டதும் எழுந்தான், உட்கார்ந்தான், திரும்ப எழுந்தான். அவன் பெண்டாட்டி ரேவதி, இடுப்பில் குழந்தையோடு, வாங்கண்ணா என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள். குடிக்க முடியுமா என்று கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கதிர்வேல் வாங்கிக்கொண்டான். வெளியாள் முன்னால் அவன் ஒரு வாய் குடித்து அகிலா பார்த்ததில்லை. தலையை வலது பக்கம் சாய்த்து, டம்ளரை உதட்டின் மூலையில் பொருத்தி, விரலால் இன்னொரு மூலையை அடைத்துக்கொண்டு குடித்தான். பாதி உள்ளே போனது. பாதி விரல் இடுக்கில் வழிந்து கழுத்தில் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. நிறுத்தவில்லை. டம்ளர் காலியாகும் வரைக்கும் குடித்தான். குழந்தை கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் ஏதோ கேட்டான். துரைக்கண்ணுக்கு விளங்கவில்லை. அகிலாவைப் பார்த்தான். எப்போதும் எடுத்துச் சொல்கிறவள் இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தாள். கதிர்வேல் மறுபடி கேட்டான். மூன்றாம் தடவை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டபோது விளங்கியது.

"எந்தக் கன்னத்துல வெக்கச் சொன்னான்?"

கதிர்வேல் தன் இடது பக்கத்தை, எலும்பில்லாமல் உள்வாங்கியிருந்த இடத்தை, உள்ளங்கையால் தொட்டுக் காட்டினான். "படம் புடிக்கறப்ப என்னை இங்க வெச்சிக்கினு சிரிக்கச் சொன்னான். லேசா உப்பினாப்பல இருந்தாத்தான் பார்க்கறவனுக்கு ஞாபகம் வரும்னான்."

இத்தனை வருஷத்தில் அகிலாவிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

துரைக்கண்ணுவின் கை தானாக எழுந்து தன் இடது கன்னத்துக்குப் போனது. போனதும் நின்றது. ரேவதி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்துக்குள் ஒதுக்கியிருந்த பாக்கு அவன் நாக்கு நகர்ந்தபோது வெளியே உப்பித் தெரிந்தது.

அகிலா எழுந்து அவனுக்கு எதிரே போய் நின்றாள். கைப்பிள்ளைக்கு நீட்டுகிற மாதிரி உள்ளங்கையைக் குவித்து அவன் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

"துப்பு."

அவன் தலை குனிந்திருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வெளியே உற்சவம் புறப்பட்ட மேளம் கேட்டது, அதோடு யாரோ ஸ்பீக்கரில் தண்ணீர்ப் பந்தலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"துப்புடா," என்றாள்.

துப்பினான். சூடாக, பழுப்பாக, ஏலக்காய் மணத்தோடு அவள் கையில் விழுந்தது. அவள் முகம் சுளிக்காமல் விரல்களை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். தண்ணீர்ப் பந்தலில் ஜெயக்குமார் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று விசிறிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். மூடிய கையை முன்னால் நீட்டியபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் அவனை நோக்கி நடந்தாள்.